ஆக்சிலேட்டருக்குக் கட்டுப்படாத தட்டல்

மாப்பிள்ளை வாங்கி, என் மெக்கானிக் ஷெட்டுக்குக் கொண்டுவந்த பழைய காரில் ஒரு தட்டல் இருந்தது. டொக், டொக், டொக். சற்று இடைவெளி. மறுபடியும் டொக், டொக், டொக்.

"மச்சான், இன்னைக்கே சரி பண்ணிடுங்க. அவளுக்கு எப்ப வேணா வலி எடுக்கலாம்."

நிறைமாதமாக இருக்கும் என் தங்கையை இந்த வண்டியில்தான் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக வேண்டும்.

மட்டமான பெட்ரோல் என்றால், மேடு ஏறும்போது இன்ஜின் தட்டும். நல்ல பெட்ரோல் ஊற்றிப் பார்த்தேன். ஆயில் குறைந்தாலும் தட்டும். ஆயில் சரியாகவே இருந்தது. பேரிங் தேய்ந்திருந்தால், அந்தச் சிலிண்டரின் பிளக் வயரைக் கழற்றியதும் சத்தம் மட்டுப்படும். நான்கு வயர்களையும் ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினேன். மட்டுப்படவில்லை.

பிறகுதான் உறைத்தது. ஆக்சிலேட்டரை மிதித்தால் இன்ஜின் தட்டலும் வேகமெடுக்க வேண்டும். இது எடுக்கவில்லை.

இன்ஜினை அணைத்தேன்.

டொக், டொக், டொக்.

"மாப்பிள்ளை, இது அடிபட்ட வண்டியா?"

"பெயின்ட் எல்லாம் புதுசு மச்சான்."

"நான் பெயின்ட்டையா கேட்டேன்?"

அவர் ரேடியேட்டர் மூடியைத் துடைக்க ஆரம்பித்தார்.

சத்தம் பிறக்கும் இடத்தைக் கண்டுபிடிக்க, நீளமான ஸ்க்ரூடிரைவரின் நுனியை இரும்பில் ஊன்றி, பிடியைக் காதோடு அழுத்திக் கேட்போம். டாக்டர் ஸ்டெதாஸ்கோப் வைப்பது மாதிரிதான். இன்ஜினில் வைத்தேன், தட்டல் எங்கோ தூரத்தில் கேட்டது. முன்கதவில் வைத்தேன், நெருங்கியது. பின் இடது கதவில் வைத்தேன்.

தட்டலுக்கு நடுவே, நகங்கள் பிராண்டின.

கண்ணாடி வழியே பார்த்தேன். சீட் காலி.

மாப்பிள்ளையின் குரல் தாழ்ந்தது. "குளத்துல விழுந்த வண்டி மச்சான். மத்தவங்க வெளிய வந்துட்டாங்களாம். அந்தக் கதவு மட்டும் திறக்கலயாம்."

"இதை இப்பவா சொல்றீங்க?"

கதவைத் திறந்தேன். தட்டல் நின்றது. சேற்று வாடை முகத்தில் அடித்தது.

ஷெட்டில் காற்றே இல்லை. ஆனாலும் கதவு மெல்ல நகர்ந்து, தானாகச் சாத்திக்கொண்டது.

அன்று மாலையே தங்கைக்கு வலி எடுத்தது. வேறு வண்டி கிடைக்கவில்லை. அவளை வலது ஓரமாக உட்காரவைத்தோம். வழி நெடுக ஒரு தட்டல்கூட இல்லை.

இப்போதும் கிளம்புவதற்கு முன்பு, பின் இடது கதவை ஒருமுறை திறக்க வேண்டும். திறக்கிறது என்று தெரிந்துவிட்டால் அது தட்டுவதில்லை. திறந்துவிட்டால் போதும், உள்ளே இருப்பது சாத்திக்கொள்ளும்.