தரை தொடாத சீருடை

சீருடையைக் கொதிக்க வைத்தது மூத்தவள்தான். அதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம், அவளுக்கே இல்லை.

மகளின் ஸ்கர்ட்டில் மை கொட்டியிருந்தது. வெந்நீரில் ஊறப்போட்டால் போய்விடும் என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. வெந்நீருக்கே போகுமென்றால் கொதிக்கிற நீருக்கு இன்னும் நன்றாகப் போகுமே என்பது மூத்தவள் தானாகப் போட்ட கணக்கு. மை போகவில்லை. துணிதான் போயிற்று! அடுப்பிலிருந்து இறக்கிப் பிழிந்து உதறியபோது, ஒன்பதாம் வகுப்புப் பெண்ணின் ஸ்கர்ட் நாலாம் வகுப்புப் பெண்ணுக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல அவள் கையில் தொங்கியது. மடித்துத் தைத்திருந்த ஓரத்தைப் பிரித்து, இஸ்திரி போட்டு, இழுத்து இழுத்துப் பார்த்தாள். துணி கெஞ்சினால் கேட்கிற ஜாதியா என்ன!

"அம்மா... இதைப் போட்டுக்கிட்டு நான் எப்படிம்மா போவேன்?"

"இடுப்புல கொஞ்சம் இறக்கிப் போட்டுக்கோ. உன்னை யாரு உத்துப் பார்க்கப் போறா? நீ என்ன மந்திரியா?"

"கேட்டுல முட்டி போடச் சொல்லுவாங்கம்மா!"

அது அந்தப் பள்ளிக்கூடத்தின் புது விதி. பெண்கள் வாசலில் முட்டி போட வேண்டும். ஸ்கர்ட்டின் ஓரம் தரையைத் தொட்டால் உள்ளே, தொடாவிட்டால் வீட்டுக்கு.

"கேட்டுல நிக்கறது யாருடி? உன் சித்திதானே! சொந்தச் சித்தி உன்னை முட்டி போடச் சொல்லிடுவாளா? போ, போ... மணி ஆச்சு."

சித்தி என்றால் மூத்தவளின் ஓரகத்தி. அண்ணன் தம்பி இரண்டு குடும்பமும் ஒரே வீடு, ஒரே அடுப்பு. இளையவள் கல்யாணமாகி வந்தபோது படிப்பைப் பாதியில் விட்டிருந்தாள். "நீ முடி, வீட்டை நான் பார்த்துக்கறேன்" என்று சொல்லி, மருந்துக் கடையில் பில் போட்டுக்கொண்டிருந்த தன் வேலையை விட்டவள் மூத்தவள். இளையவளுக்குக் குழந்தை பிறந்ததும் அதையும் இடுப்பில் வாங்கிக்கொண்டாள். இளையவள் டீச்சரானாள். மூத்தவள் அந்தத் தெருவுக்கே 'டீச்சரோட அக்கா' ஆனாள். அந்தப் பட்டத்தில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மகள் போன வேகத்தில் திரும்பி வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் அடுக்களைத் தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள்.

"சித்தி என்னை முட்டி போட வச்சாங்கம்மா... எல்லார் முன்னாடியும்... குனிஞ்சு பார்த்துட்டு, 'தரையைத் தொடல, வீட்டுக்குப் போ'ன்னுட்டாங்க... பசங்க சிரிச்சாங்கம்மா! நான் இனிமே அந்த ஸ்கூலுக்குப் போகவே மாட்டேன்!"

மூத்தவளுக்குக் கையிலிருந்த கரண்டி நழுவியது. கொதிக்க வைத்தது நான். ஆனால் குனிய வைத்தது அவளல்லவா! என் பெண்ணை, என்னால் டீச்சரானவள்...

அன்று சாயங்காலம் இளையவள் வாசலில் கால் வைத்ததுமே பிடித்துக்கொண்டாள்.

"ஏன்டி... உன் பிள்ளையை இந்த இடுப்புலதானே தூக்கி வளர்த்தேன்? என் பிள்ளையை நீ தெருவுல முட்டி போட வைப்பியா? சொல்லுடி!"

இளையவள் முகம் வெளிறியிருந்தது. "ரூல் எல்லாருக்கும் ஒண்ணுதான் அக்கா" என்றாள். அவ்வளவுதான். கைப்பையை அணைத்துக்கொண்டு அறைக்குள் போய்விட்டாள்.

"கேட்டீங்களா, கேட்டீங்களா!" என்று மூத்தவள் புருஷனிடம் திரும்பினாள். பட்டறையில் கடைசல் இயந்திரம் ஓட்டுகிற அவனுக்கு எதையும் வெட்டித்தான் பழக்கம். "ஒரே வீட்டுல ரூலு பேசறவளோட ஒரே அடுப்பு எதுக்கு? மாசம் பொறந்ததும் தனித்தனி" என்றான். மறுநாளே புது அடுப்பு ஒன்று வந்து, அட்டைப் பெட்டியோடு கூடத்தில் உட்கார்ந்துகொண்டது. தம்பிக்காரன் அந்தப் பெட்டியைச் சுற்றிக்கொண்டு போனானே தவிர, இந்தப் பக்கமும் பேசவில்லை, அந்தப் பக்கமும் பேசவில்லை.

அதன் பிறகு மூத்தவளும் இளையவளும் நேரில் பேசுவதை நிறுத்திக்கொண்டார்கள். தூது, இளையவளின் குட்டிதான்.

"குட்டி, உங்கம்மாவைச் சாப்பிட வரச் சொல்லு."

குட்டி நடுவில் நின்று இரண்டு பேரையும் பார்க்கும். "அம்மா, பெரிம்மா சொன்னதைக் கேட்டியா?"

"கேட்டேன். பசிக்கலைன்னு சொல்லு."

"பெரிம்மா, நீயும் கேட்டியா?"

சிரிப்பு வரும், மூத்தவள் அதை அடுப்பு ஊதுவதுபோல ஊதி மறைத்துக்கொள்வாள். ஆனால் ராத்திரி மகள் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பதைப் பார்த்தால் சிரிப்பெல்லாம் எங்கோ போய்விடும்.

கோபத்திலும் அவளால் விட முடியாத வேலை ஒன்று இருந்தது: வீட்டுத் துணி மொத்தமும் அவள்தான் துவைப்பாள். இளையவளின் துணியில் எப்போதும் வலது கை ஓரத்தில் சாக்பீஸ் தூள் படிந்திருக்கும். அதை மட்டும் தனியாகக் கசக்க வேண்டும். இப்போது அதில் தூளே இல்லை. புழுதிதான் இருந்தது. வெயிலில் அலைந்தவளின் வேர்வை உப்பு, முதுகில் கோலமாய்ப் பூத்திருந்தது. டீச்சர் வகுப்பில் நிற்கிறாளா, ரோடு போடுகிறாளா?

புது ஸ்கர்ட் தைத்து வந்தது. நல்ல வார்த்தை சொல்லி, மிரட்டி, கடைசியில் தானும் அழுது, மகளைப் பள்ளிக்கு அனுப்பினாள். சாயங்காலம் திரும்பிய மகள் பையை இறக்கவில்லை. அப்படியே நின்றாள்.

"அம்மா... சித்தி ஸ்கூல்லயே இல்லம்மா."

"என்னடி உளர்ற? காலையில கிளம்பிப் போனாளே!"

"அன்னைக்கே போயிட்டாங்களாம்மா. என்னை அனுப்பிட்டு நேரா ஹெட்மாஸ்டர் ரூமுக்குப் போனாங்களாம். 'இனி ஒரு பொண்ணையும் நான் முட்டி போட வைக்க மாட்டேன்'னு அவங்க கத்தினது பக்கத்து க்ளாஸுக்கெல்லாம் கேட்டுச்சாம். அப்போ வேலையை விட்டுப் போன்னு அவர் சொன்னாராம்... இவங்களும் பையை எடுத்துக்கிட்டு வந்துட்டாங்களாம். அப்புறம் எந்த டீச்சரும் கேட்டுல நிக்க ஒத்துக்கலையாம். இப்போ யாரும் முட்டி போட வேண்டாம்மா..." மகள் பையைத் தரையில் போட்டாள். "நான் சித்தியோட பேசவே இல்லையேம்மா..."

மூத்தவள் அங்கேயே, புது அடுப்புப் பெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

இளையவள் வழக்கமான நேரத்துக்கு வந்தாள். கையில் சாப்பாட்டு டப்பா, முகத்தில் புழுதி.

"தினமும் எங்கடி போற?" குட்டியைத் தேடாமல் நேராகவே கேட்டாள் மூத்தவள்.

இளையவள் திடுக்கிட்டாள். "ஸ்கூலுக்குத்தான் அக்கா."

"எந்த ஸ்கூலுக்கு?"

இளையவள் டப்பாவை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"எந்த ஸ்கூலுக்குடி!"

"எது என்னைச் சேர்த்துக்குமோ அதுக்கு" என்று இளையவள் சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். "அன்னைக்குக் கேட்டுல ஏற்கனவே மூணு பிள்ளைங்களைத் திருப்பி அனுப்பிட்டேன் அக்கா. அடுத்து நம்ம பொண்ணு வந்து நின்னா. அவளை மட்டும் விட்டா அந்த மூணு பேர் முகத்துல எப்படி முழிப்பேன்? முட்டி போடுன்னேன்... போட்டா. போட்டுட்டு என்னை அண்ணாந்து பார்த்தா பாருங்க... அப்போதான் எனக்கு உறைச்சுது. அந்த மூணும்கூட அப்படித்தான் பார்த்திருக்கும். நான்தான் ஸ்கர்ட்டையே பார்த்துக்கிட்டிருந்தேன்!"

உள்ளேயிருந்து ஓடிவந்த மகள் சித்தியின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். மூத்தவள் இரண்டு பேரையும் சேர்த்து அணைத்தாள். மூவரும் அழுத அழுகையில், குட்டி வந்து யாருக்கு யார் என்ன சொல்ல வேண்டும் என்று தெரியாமல் விழித்தது.

மூத்தவள்தான் முதலில் கண்ணைத் துடைத்தாள்.

"ஏன்டி என்கிட்ட சொல்லல?"

"நேரம் கிடைக்கல அக்கா."

"பொய் சொல்லாத. ஏன் சொல்லல?"

"நீங்கதான் பேசலையே... இதைக் குட்டிகிட்டயா சொல்லி அனுப்பறது?"

"என் மூஞ்சியைப் பார்த்துச் சொல்லு. நாங்க அத்தனை பேரும் உன்னைக் கரிச்சுக் கொட்டினோம். அடுப்பையே பிரிக்கப் பார்த்தோம். ஒரு வார்த்தை... ஒரே ஒரு வார்த்தை ஏன்டி சொல்லல?"

இளையவள் நிமிர்ந்தாள். இந்த முறை சிரிக்கவில்லை.

"சொல்லியிருந்தா, 'உனக்காக நான் வேலையை விட்டேனே, போய் மன்னிப்புக் கேட்டுத் திரும்பச் சேருடி'ன்னு நீங்க சொல்லியிருப்பீங்க. நீங்க சொல்லி இன்னைக்கு வரைக்கும் நான் எதையும் தட்டினதில்ல அக்கா. போய்க் கேட்டிருப்பேன். மறுநாள் காலையில அதே கேட்டுல நின்னு, இன்னொருத்தி பொண்ணை முட்டி போட வச்சிருப்பேன். அதான் சொல்லல."