பர்த்தி பன்னிரண்டு மணிக்கு

சுடலைக்கண்ணன் மாமாவுக்கு ஹிந்தி தண்ணீர் பட்ட பாடு. இதை வேறு யாரும் சொல்ல வேண்டியதில்லை, அவரே தினமும் நாலு பேரிடம் சொல்லிவிடுவார். அதனால் கோயிலுக்குப் பின்னால் நட்டிருந்த பலகையில் அன்றைக்குச் சாக்பீஸால் எழுதியிருந்ததைப் படிக்கும் பொறுப்பையும் அவரே எடுத்துக்கொண்டார்.

“பர்த்தி, பன்னெண்டு மணி!” என்று உரக்கப் படித்தார். “பர்த்தின்னா அட்மிஷன். நம்ம பய பூலோகத்த ஆஸ்பத்திரியில பர்த்தி பண்ணோம்லா, அதேதான். பன்னெண்டு மணிக்குத்தான் கோயிலச் சுத்த விடுவாங்க, அக்கா. அதுவரைக்கும் உக்காந்து இட்லி சாப்பிடுவோம்.”

அம்மா உடனே டிபன் டப்பாவைத் திறந்தாள்.

மாரிசெல்வி மட்டும் பலகையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அவள் தாராவியில் ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள். மாமா சொன்னதில் அவளுக்கு எங்கேயோ இடித்தது.

கொங்கணக் கடற்கரையில் இருந்த பழைய சிவன் கோயில் அது. சுவர், தூண், கோபுரம் எல்லாம் கருங்கல். எத்தனை நூறு ஆண்டுகளாக உப்புக்காற்று அடித்ததோ, வாசலில் படுத்திருந்த நந்திக்கு மூக்கே இல்லை! கோயிலைச் சுற்றி வர வேண்டும் என்றால் பின்பக்கம் படியிறங்கி, கடலை ஒட்டிய பாறைகள் மேல் நடந்து, மறுபக்கப் படியில் ஏற வேண்டும்.

அப்படிச் சுற்றத்தான் விடியற்காலையில் பஸ் பிடித்து வந்திருந்தார்கள். எல்லாம் தம்பி பூலோகத்துக்காக. அவனுக்கு ஆறு வயது. மழைக்காலத்தில் சந்துக்குள் வந்த ஒரு ஸ்கூட்டர் இடித்து அவன் கால் முறிந்துபோனது. கட்டுப் போட்டுக் கட்டிலிலேயே கிடந்தான். “கடலோரத்துச் சாமியே, என் பிள்ளை சொந்தக் காலால நடந்து உன்னச் சுத்தி வருவான்” என்று அம்மா நேர்ந்துகொண்டாள்.

அவள் மனதில் இருந்தது திருச்செந்தூர்தான். ஆனால் அப்பாவுக்கு லீவும் கிடைக்கவில்லை, ரயிலில் டிக்கெட்டும் கிடைக்கவில்லை. “அங்க முருகன், இங்க அவங்க அப்பா. ஒரே வீடுதான!” என்று அம்மா இங்கே கிளம்பிவிட்டாள்.

கட்டைப் பிரித்த பிறகும் பூலோகம் நடக்கப் பயந்தான். நாலு அடி வைப்பான், உடனே “தூக்கு” என்று கையை நீட்டிவிடுவான். இன்று அவன் நடந்தே ஆக வேண்டும். இதை விட்டால் மறுபடி எப்போது வருவார்களோ!

மாரிசெல்விக்குச் சட்டென்று நினைவு வந்தது. மராத்திப் பாடம்! பர்த்தி, ஓஹோட்டி! வீட்டில் எல்லாரும் அவளை “ஏட்டி, ஏட்டி” என்றுதான் கூப்பிடுவார்கள். அதனால் டீச்சர் “ஓஹோட்டி” என்றதும் வகுப்பில் களுக்கென்று சிரித்து மாட்டிக்கொண்டாள். அது மறக்குமா? ஓஹோட்டி என்றால் கடல் உள்வாங்குவது. அப்படியானால் பர்த்தி?

“மாமா! எழுத்து ஒண்ணுதான், ஆனா அது ஹிந்தி இல்ல, மராத்தி. பர்த்தின்னா கடல் பொங்கி மேல ஏறுதது. பன்னெண்டு மணிக்கு இந்தப் பாதையே தண்ணிக்குள்ள போயிரும். இப்பவே சுத்தணும்!”

மாமா விழுந்து விழுந்து சிரித்தார். “ஏட்டி, மராத்தியில நீ எத்தன மார்க்கு?”

மாரிசெல்வி பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். நல்ல மார்க்காக இருந்தால் சொல்லியிருக்க மாட்டாளா?

“பேசாம சாப்பிடுட்டி” என்றாள் அம்மா.

வாயால் சொன்னால் கேட்க மாட்டார்கள், கண்ணால் பார்க்கட்டும் என்று மாரிசெல்வி முடிவு செய்தாள். மாமா கழற்றி வைத்திருந்த புதுச் செருப்பில் ஒன்றை எடுத்தாள். படியிறங்கிப் போய், தண்ணீர் எட்டாத ஒரு தாழ்ந்த பாறையில் அதை வைத்துவிட்டு வந்தாள்.

“என் செருப்ப எங்க கொண்டு போற?”

“கடல் ஏறுதான்னு பாக்கப்போறேன். ஏறாதுன்னுதான நீங்க சொல்லுதீங்க, பெறகு என்ன பயம் மாமா?”

மாமா கடலைப் பார்க்கத் திரும்பி உட்கார்ந்தார். கை இட்லியைப் பிய்த்தது, கண் மட்டும் செருப்பை விட்டு நகரவில்லை. ஓர் அலை வந்து பாறையின் அடியை நனைத்தது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று பாறையின் பாதி வரை ஏறியது. மாமா அடுத்த இட்லியில் கை வைத்தபோது ஒரு பெரிய அலை வந்து செருப்பை அலுங்காமல் எடுத்துக்கொண்டு போய்விட்டது.

“ஐயையோ, என் செருப்பு!”

பூலோகம் கைதட்டினான். “மாமா செருப்புக்கு பர்த்தி கிடைச்சிருச்சு!”

அம்மா சிரித்தாள். உடனே அவள் முகம் மாறியது. “ஆத்தாடி! பன்னெண்டு மணிக்குப் பிள்ளையக் கூட்டிட்டு இறங்கியிருந்தா என்ன ஆயிருக்கும்?”

மாரிசெல்வி அதற்குள் கோயில் வாசலில் தேங்காய் விற்கும் ஒரு அம்மாவிடம் ஓடிவிட்டாள். இப்போது சுற்றப் போகலாமா என்று தப்பும் தவறுமான மராத்தியில் கேட்டாள். அந்த அம்மா கடலை ஒரு பார்வை பார்த்தார். “ஜா, ஜா! லவ்கர்!” என்று கையை வீசி விரட்டினார். சீக்கிரம் போனால் சுற்றிவிடலாமாம். கடைசிப் படிக்கு முன்னால் இருக்கும் பள்ளம் நிறைவதற்குள் ஏறிவிட வேண்டுமாம்.

நாலு பேரும் இறங்கினார்கள். கொஞ்ச தூரம்தான் போயிருப்பார்கள், பூலோகம் கையை நீட்டினான். “தூக்கு மாமா.”

மாமா குனிந்தார். “தூக்காதல, நேர்ச்சை கெட்டுப்போயிரும்!” என்றாள் அம்மா. அடுத்த நிமிடம், “ஐயோ, தண்ணி வருதே! தூக்கிருவோமா?” என்று அவளே தவித்தாள்.

“தூக்கக் கூடாதுன்னுதானம்மா நேர்ந்த? கையப் பிடிக்கக் கூடாதுன்னு சொல்லலையே!” என்றாள் மாரிசெல்வி. தம்பியின் ஒரு கையை அவள் பிடித்தாள். மறு கையை மாமா பிடித்தார்.

“வலிக்குதால?” என்று மாரிசெல்வி கேட்டாள்.

“வலிக்கல. பயமா இருக்கு.”

“எனக்குந்தான். நடந்துகிட்டே பயப்படுவோம், வா.”

பூலோகம் ஓர் அடி வைத்தான். அப்புறம் இன்னொன்று. பாறை சொரசொரவென்று காலைக் குத்தியது. வழுக்கும் இடத்தில் மாரிசெல்வி முதலில் கால் வைத்துப் பார்த்து, “இங்க வை” என்று காட்டினாள். அவன் அங்கேயே வைத்தான்.

பள்ளத்தில் தண்ணீர் அதற்குள் கணுக்கால் அளவு வந்திருந்தது.

“முழங்காலுக்கு வந்தா தூக்கிருவோம், சாமி ஒண்ணும் கோவிக்காது” என்றாள் மாரிசெல்வி. அலை உள்ளே வந்தது. அது திரும்பும் வரை தம்பியின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். “இப்ப வா!”

சளக் சளக்கென்று தண்ணீரில் நடந்தார்கள். படி வந்ததும் பூலோகம் இரண்டு கைகளையும் உதறிக்கொண்டான். யாரையும் பிடிக்காமல் மேலே ஏறினான். மேல்படியில் நின்று திரும்பிப் பார்த்தபோது, பள்ளம் நிறைந்து நுரைத்துக்கொண்டிருந்தது.

அம்மா படியிலேயே உட்கார்ந்து அழுதாள். அழுதபடியே அப்பாவுக்கு போன் போட்டாள். “என்னங்க, நடந்துட்டான்! உங்க பிள்ளை நடந்துட்டான்!”

பன்னிரண்டு மணிக்குப் பாதையையே காணவில்லை. மாமா பலகையை இன்னொரு தடவை படித்தார். இந்தத் தடவை மனதுக்குள்.

கிளம்பும்போது அவர் வழக்கம்போல முதுகைக் காட்டிக் குனிந்தார். “ஏறு மருமவனே. பஸ் வந்துரும்.”

பூலோகம் தலையை ஆட்டினான். “நான் நடந்துதான் வருவேன்.”

முன்னால் அவன் நடந்தான், பின்னால் மூன்று பேரும் அவன் வேகத்துக்கே நடந்தார்கள். கண்ணெதிரே பஸ் கிளம்பிப் போனது. அதைப் பிடிக்க யாரும் அவனைத் தூக்கிக்கொண்டு ஓடவில்லை.