ஓர் இழுப்பு என்றால் தண்ணீர்

ஹோஸ் ஒருமுறை இழுபட்டது.

லென்சியின் கை பழக்கத்தில் பதிலுக்கு ஒருமுறை இழுத்துக் காட்டியது. வால்வைப் பாதி திருகிய பிறகுதான் அவளுக்கு உறைத்தது: அந்த முனையில் ஆளே இல்லை. உள்ளே போயிருந்த இரண்டு பேரும், அவர்களோடு சரணாலயத்து அதிகாரியும், அவள் முதுகுக்குப் பின்னால் காய்ந்த கால்வாய்க் கரையில் உட்கார்ந்து சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

வால்வை மூடினாள். போர்க் குழாயில் மாட்டியிருந்த பம்பிலிருந்து புறப்பட்ட ஹோஸ் கருகிய புல்லின் மேல் கொஞ்ச தூரம் போய்ப் புகைக்குள் மறைந்து கிடந்தது. உச்சிவேளைதான். ஆனால் சூரியன் இருக்க வேண்டிய இடத்தில் அழுகிய பூசணித் துண்டு மாதிரி ஒரு கறை மட்டும் தெரிந்தது. அதன் வெளிச்சத்தில் சோறுகூட மஞ்சளாகத்தான் இருந்தது.

"யாராவது ஹோஸை மிதிச்சீங்களா?"

"நாங்க எங்க மிதிச்சோம்? நகரக்கூட முடியாம குந்தியிருக்கோம்," என்றான் ரந்தாவ், வாய் நிறையக் கருவாட்டோடு. அவள் கணவனின் சித்தப்பா மகன். "ஏன் அண்ணி?"

"அந்தப் பக்கத்துலேர்ந்து இழுத்துச்சு. ஒருவாட்டி."

"ஒராங்குட்டானா இருக்கும். தொண்டை வறண்டு கிடக்கும் பாவம். ஒரு வாளி குடுத்து அனுப்புங்க."

"அதுக்கு உன்னைவிட அறிவு உண்டுடா," என்றான் அவள் கணவன் தேஹென். "இந்தப் புகையில வந்து நிக்காது. இங்க நிக்கிறவன் நீயும் நானுந்தான்." பிறகு லென்சியைப் பார்த்து, "நேலி அம்மா, வந்து ரெண்டு வாய் சாப்பிடு. மண்ணு உள்வாங்கியிருக்கும், ஹோஸ் நகர்ந்திருக்கும்."

"ஆமாம்மா, அதான்," என்றார் அதிகாரி ஹர்யோனோ சார். பல வாரமாகப் புகையில் நின்று அவர் கண்கள் இரண்டும் வீங்கிக் கோடுகளாகிவிட்டிருந்தன. அந்தக் கூட்டத்தில் சம்பளம் வாங்குபவர் அவர் ஒருவர்தான். மற்றவர்கள் ஊர்க்காரர்கள்; சரணாலயத்தில் நாற்று நட வந்தவர்கள், நட்ட நாற்றைக் காப்பாற்ற இப்போது தீயோடு மல்லுக்கு நிற்பவர்கள்.

லென்சி உட்கார்ந்தாள். சோற்றைப் பிசைந்துகொண்டே ஹோஸைப் பார்த்தாள். பம்பு இரைச்சலில், முகமூடிக்குள்ளிருந்து போடும் கூப்பாடு எடுபடாது என்பதால் அவர்கள் ஹோஸால் பேசப் பழகியிருந்தார்கள். ஓர் இழுப்பு என்றால் தண்ணீர் திற. இரண்டு என்றால் மூடு. விடாமல் இழுத்தால் ஆபத்து, எங்களை வெளியே இழு. எது வந்தாலும் வாங்கியவர் அதே மாதிரி திருப்பி இழுக்க வேண்டும். 'கேட்டது, நான் இருக்கிறேன்' என்று அதற்கு அர்த்தம்.

அவள் திருப்பி இழுத்திருந்தாள்.

சாப்பிட்டு முடித்ததும் தேஹெனும் ரந்தாவும் மறுபடி உள்ளே போனார்கள். ஒரு கையால் ஹோஸைத் தொட்டுக்கொண்டு, மறு கைக் கம்பால் முன்னால் மண்ணைக் குத்திப் பார்த்துக்கொண்டு, ஒருவர் பின் ஒருவராக. அந்தச் சதுப்பு மண்ணில் தீ மேலே எரிவது கொஞ்சம். கீழேதான் போகும், வேர் வேராக, பழைய இலை அடுக்கு அடுக்காக, மேல் மண்ணை அப்பளம் போல விட்டுவிட்டு அடியைக் காலி செய்துகொண்டு. தண்ணீரைக் குத்தி இறக்குகிற இரும்புக் குழல் ஹோஸின் நுனியில் இருந்தது. இருந்தது ஒரே குழல். அதை வைத்துத்தான் கடைசி மரக்கூட்டத்தைக் காப்பாற்றியாக வேண்டும்.

தேஹெனின் நீலச் சட்டை பழுப்பாயிற்று, சாம்பலாயிற்று, இல்லாமல் போயிற்று.

லென்சி ஹோஸின் மேல் உள்ளங்கையை வைத்துக் காத்திருந்தாள். இழுப்பு வரவில்லை. வெந்த இலையும் சுட்ட மயிருமாக ஒரு வாடை முகமூடிக்குள் வந்து நாக்கின் அடியில் தங்கியது. புகைக்குள் எங்கோ ஒரு பெரிய மரம் சாய்ந்தது. முறியும் சத்தமே இல்லை, வேர் எரிந்த மரத்துக்கு முறிய எதுவுமில்லை, கிளைகள் காற்றைக் கிழிக்கும் ஓசையும் பிறகு ஒரு மெத்தென்ற பெருமூச்சும் மட்டும்தான்.

ரந்தாவ் தனியாக வந்தான். ஒரு காலில் பூட்ஸ் இல்லை. முழங்கால் வரை தோல் வெளுத்துக் கொப்புளித்திருந்தது.

"அண்ணன் வந்துட்டாரா?"

"உன்கூடத்தானேடா போனாரு," என்றாள் லென்சி.

"குழலை வச்ச இடத்துல காணோம் அண்ணி. ஹோஸ் இன்னும் உள்ளார போயிருந்துச்சு. யாரோ இழுத்துட்டுப் போன தடம். 'நீ இங்கயே நில்லு, நான் பார்த்துட்டு வர்றேன்'னாரு. எனக்குக் கால் இறங்கிருச்சு. கத்துனேன். பதிலே இல்ல. திரும்பி வந்துட்டாருன்னு நெனச்சேன்." அவன் வாய் கோணியது. "வந்துட்டாருன்னுதான் நெனச்சேன்."

அப்போது ஹோஸ் இழுபட்டது. ஒருமுறை.

"அவருதான்," என்று பதில் இழுப்பு கொடுத்து வால்வை முழுக்கத் திருகினாள் லென்சி. ஹோஸ் பருத்து முறுக்கிக்கொண்டு புகைக்குள் ஓடியது. "தண்ணி கேக்குறாரு. உசுரோட இருக்காரு."

ஹர்யோனோ சார் வாக்கி டாக்கியைக் காதிலிருந்து எடுத்தார். "காத்து திரும்பிடுச்சும்மா. நமக்குப் பின்னாடியும் பத்திக்கிச்சு. படகு கீழ ஆத்துல வந்து நிக்குது. எல்லாரும் உடனே கிளம்பணுமாம்."

"கிளம்புங்க."

"நீங்களும்தான்."

"வீட்டுக்குப் போய் நேலி கேட்டா என்ன சொல்லட்டும் சார்? 'அப்பா தண்ணி கேட்டாரு, பம்பை நிறுத்திட்டு வந்துட்டேன்'னா?"

அவர் வாக்கி டாக்கியை இடுப்பில் செருகிக்கொண்டார். கிளம்பவில்லை.

ஹோஸ் மறுபடி இழுபட்டது. ஒருமுறை.

"தண்ணி போய்க்கிட்டுத்தானே இருக்கு?" என்றான் ரந்தாவ்.

வால்வைப் பார்த்தாள். முழுக்கத் திறந்திருந்தது.

மறுபடி. ஒருமுறை. திருப்பி இழுத்தாள். மறுபடி. இப்போது பலமாக, பம்பே மண்ணில் ஓரங்குலம் முன்னால் நகர்ந்தது. தண்ணீர் போகப் போக இழுப்பும் நெருங்கி வந்தது. போதும் என்று ஒருதடவைகூட இல்லை. தேஹென் தண்ணீரை வீணாக்குகிறவன் அல்ல. பல் தேய்க்கும்போது குழாயை மூடச் சொல்லி அவளிடம் சண்டை பிடிப்பவன்.

பம்பு இருமியது. காற்றை உறிஞ்சி அலறியது. சார் ஓடிப்போய் நிறுத்தினார். "போர் வத்திடுச்சு. ஊறினாத்தான் இனி."

சத்தம் நின்றதும்தான் மற்ற சத்தம் கேட்டது. காலுக்குக் கீழே. யாரோ நிதானமாக முறத்தில் அரிசி புடைப்பது போல, இல்லை, பல்லில்லாதவர் எதையோ மெல்வது போல, நாலா பக்கமும்.

சூம்பிப்போன ஹோஸ் இழுபட்டது. ஒருமுறை.

"நான் போறேன்," என்றாள்.

"அண்ணி, என் காலைப் பாருங்க, நான்..."

"உன்னைக் கூப்பிடலடா. நீயும் சாரும் இதைப் பிடிச்சுக்குங்க. நான் விடாம இழுத்தா வெறி பிடிச்ச மாதிரி இழுக்கணும், ரெண்டு பேரும். கேட்டுச்சா? தண்ணி ஊறிட்டா, ஒண்ணு இழுத்தாத் திறந்து விடு. அவரைச் சுத்தி எரிஞ்சுக்கிட்டு இருக்கும்."

முகமூடியின் மேல் ஈரத்துணியைச் சுற்றிக்கொண்டு, ஹோஸைக் கைக்குக் கை மாற்றிப் பிடித்தபடி உள்ளே போனாள்.

சில எட்டுகளில் பின்னால் பம்பு மறைந்தது. பிறகு தன் பாதமே மறைந்தது. மேலே கறையாக இருந்த சூரியனும் அணைந்து எங்கும் ஒரே மங்கல். எது வானம், எது மண் என்று பிரித்துச் சொல்ல முடியாத செம்பழுப்பு, கண்ணை மூடினாலும் இமைக்குள் அதே நிறம். கையில் ஹோஸ் மட்டும் நிஜம். பித்தளை இணைப்பு ஒன்று உள்ளங்கையைச் சுட்டுக் கடந்தது. வேரோடு தொங்கிய மரங்களைத் தோளால் உரசினாள். உரசிய இடம் உதிர்ந்தது. அவர்கள் நட்ட நாற்றுகளின் அடையாளக் குச்சிகள் ஒவ்வொன்றாக இடறின, குச்சிதான் இருந்தது.

"நேலி அப்பா!"

ஹோஸ் இழுபட்டது. கிட்டத்தில்.

மண்டியிட்டுத் தவழ்ந்தாள். முழங்கால் சுட்டது. கடைசி இணைப்பும் கையைக் கடந்து போயிற்று.

"லென்சி, நில்லு. அங்கேயே நில்லு."

இடுப்பு வரை மண்ணுக்குள் இருந்தான். ஹோஸிலிருந்து கைக்கெட்டாத தள்ளலில், இரண்டு கைகளாலும் எரிந்துபோன ஒரு வேரைக் கட்டிக்கொண்டு. முகம் முழுக்கக் கரி. கண்ணும் பல்லும் மட்டும் தெரிந்தன.

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. "எத்தனைவாட்டி இழுப்பீங்க? தண்ணி விட்டுக்கிட்டேதான இருந்தேன்."

"நான் இழுக்கல."

"என்ன?"

"ஹோஸை நான் தொடவே இல்ல. எட்டல பாரு." அவன் குரல் இறங்கியது. "நான் விழுந்ததிலேர்ந்து அது தானா இழுத்துக்கிட்டு இருக்கு."

ஹோஸ் அவனைத் தாண்டிப் போயிற்று. தாண்டிப் போய், சாய்ந்த மரத்தின் வேர்க்குழியில் வளைந்து, மண்ணுக்குள் இறங்கியிருந்தது. நேராக. கிணற்றில் விட்ட கயிறு மாதிரி.

பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒருமுறை இழுபட்டது.

அவள் பதில் இழுக்கவில்லை.

"கால் வேகுதா?"

"இல்ல," என்றான். "அதான் பயமா இருக்கு. குளிருது. குழந்தை விரலைச் சப்பும்ல, அந்த மாதிரி..." நிறுத்திக்கொண்டான். "சீக்கிரம் ஏதாவது பண்ணு."

கம்பு இல்லை. கயிறு இல்லை. அவன் அரிவாள் மண்ணுக்குள், இடுப்போடு. ஹோஸ்தான் இருந்தது. தளர்ந்து கிடந்த பகுதியை அள்ளிக்கொண்டு வயிற்றால் அவனிடம் ஊர்ந்து போய், வளையமாக்கி அவன் அக்குளுக்கடியில் இரண்டு சுற்றுச் சுற்றினாள். முடிச்சுப் போட்டாள். ஈர ஹோஸ், இறுகிக்கொண்டது. முடிச்சுக்கு இந்தப் பக்கம் பம்பு. அந்தப் பக்கம் குழி.

"லென்சி, இதுல கட்டாத."

"வேற என்ன இருக்கு? ரந்தாவ் இழுப்பான். ரெண்டு பேரும் இழுப்பாங்க."

பம்பு பக்கத்தைப் பிடித்து இழுத்தாள். விடாமல். விடாமல். விடாமல்.

ஹோஸ் விறைத்தது. புகைக்கு அப்பாலிருந்து இழுத்தார்கள். ரந்தாவின் பலம் அவள் கைக்குத் தெரிந்தது. தேஹெனின் மார்பு மேலே வந்தது. வயிறு. பெல்ட்டின் விளிம்பு. அவன் அலறவில்லை, "ஆங், ஆங், அப்படித்தான்" என்று ஏதோ மாட்டை ஓட்டுவது போலச் சொன்னான்.

பிறகு அந்தப் பக்கம் இழுத்தது.

வேகமாக அல்ல. அவசரமே இல்லாமல். தேஹென் இரண்டுக்கும் நடுவில் நின்றான். ஹோஸ் அவன் விலாவைக் கிள்ளிச் சுருங்கியது.

"அவிழ்த்துரு."

முடிச்சில் நகம் இறங்கவில்லை. முகமூடியை இறக்கிவிட்டுப் பல்லால் கடித்தாள். ரப்பர் வாசனை. ரத்தம்.

"அவிழ்த்துரு லென்சி."

"இருங்க. இருங்க. வருது."

வரவில்லை. பம்பு பக்கம் சட்டென்று தளர்ந்தது. கை விட்டுவிட்டார்களா. விழுந்துவிட்டார்களா. தேஹென் ஒரு முழம் குழியை நோக்கிப் போனான். நின்றபடியே. சாம்பல் அவன் மார்பில் இரண்டாகப் பிளந்து ஒதுங்கியது, படகின் முன்னால் தண்ணீர் ஒதுங்குவது போல. அவள் அவன் கையைப் பிடித்தாள். தோல் வழுக்கியது. விரல்களைப் பிடித்தாள்.

அவன் கீழே பார்த்துக்கொண்டிருந்தான். கேட்பது போல.

"ஒண்ணு இல்ல," என்றான். "நிறைய பேரு."

விரல்கள் போயின.

மண் மூடிக்கொண்டது. சத்தமில்லை. ஹோஸ் அவள் உள்ளங்கையை அறுத்துக்கொண்டு ஓடியது, ஓடியது, நின்றது. அவள் விடவில்லை. மண்ணிலிருந்து நேராக எழுந்து அவள் கைக்கு வந்தது அது, நடுங்கியபடி. கீழே அவன் அதில் கட்டுண்டு கிடக்கிறான். இழுக்கலாம். தோண்டலாம். ஒற்றைக் கையால் தோண்டினாள். சுடுமண். நகம். மறுபடி சுடுமண்.

"நேலி அப்பா! இழுங்க! நீங்கன்னா இழுங்க!"

அப்போது ஹோஸ் அவள் பிடிக்குள் பருத்தது.

முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. அத்தனை இழுப்பும் பம்பில் போய் ஓர் இழுப்பாகச் சேர்ந்திருக்கிறது. போர் ஊறிவிட்டது. ரந்தாவ் அவள் சொன்னபடியே திறந்துவிட்டான்.

"வேணாம்! மூடு! ரந்தாவ்!"

இரண்டு முறை இழுத்தாள். மறுபடி இரண்டு முறை. தண்ணீர் அவள் கைகளுக்கிடையே திமிறிக்கொண்டு கீழே இறங்கியது. மெல்லும் சத்தம் நின்றது. காடு முழுக்க, ஒரே சமயத்தில், நின்றது.

பிறகு குடிக்கும் சத்தம் கேட்டது. மடக்கு. மடக்கு. அவள் கைக்கு நேர் கீழே. இடது முழங்காலுக்குப் பக்கத்தில். சாய்ந்த மரத்தடியில். அவள் வந்த வழி நெடுக. மூச்சு விடாமல் குடிக்கும் குழந்தைகளைப் போல, ஒன்றை ஒன்று முந்திக்கொண்டு.

லென்சி இரண்டு கைகளாலும் ஹோஸைப் பிடித்தபடி மண்டியிட்டிருந்தாள். அவள் முழங்கால்களுக்கு அடியில் மண் ஈரமாயிற்று. மெல்ல, இதமாகக் குளிரத் தொடங்கியது.