பச்சைக் கட்டை

கிருசாந்தி கதிரையில் இருந்ததும் தேத்தண்ணியைத் தொடவில்லை. "அன்ரி, ஒண்டில் என்ரை கணக்குப் பிழை, இல்லாட்டி ஆண்டியப்பன் அண்ணை கெட்டவர். எது எண்டு தெரியாமல் தலை சுத்துது," என்றாள்.

உருத்திரபுரத்தில் அமராவதியிடம் இப்படிக் குழம்பி வருகிறவர்கள் பலர். வனத் திணைக்களத்தில் மரத்திருட்டுகளை விசாரித்தே ஓய்வுபெற்றவர் அவர். அவருடைய கணவர் அப்புத்துரை எதையும் விசாரித்தவரல்லர். ஆனால் தீர்ப்புச் சொல்ல எப்போதும் தயார்.

கிருசாந்தி கிளிநொச்சியில் ஓர் ஆய்வுகூடத்தில் மரங்களை ஆராய்கிறாள். பாரம் ஏற்றினால் ஒரு துண்டு எவ்வளவு வளையும் என்று முன்கூட்டியே சொல்லும் கணினிக் கணக்கு ஒன்றை உருவாக்கியிருந்தாள். சாதாரண மரம் ஊறினால் இளகும். இரசாயன மருந்து ஏற்றிய மரம் ஊறினாலும் விறைப்பாகவே நிற்கும். அவளுடைய கணக்குச் சொன்னது அதுதான்.

"ஒரே வேப்பமரத்திலை பன்னிரண்டு துண்டு, அன்ரி. மருந்து ஏத்தின ஆறுக்கும் பச்சைக் கயிறு, ஏத்தாத ஆறுக்கும் வெள்ளைக் கயிறு. எனக்குக் காய்ச்சல் வந்து வவுனியாவிலை நிண்டிட்டன். எங்கட பட்டறையிலை வேலை செய்யிற ஆண்டியப்பன் அண்ணைக்குப் போன் எடுத்து, 'பச்சைக் கட்டை ஒரு கிழமை ஊறப் போடுங்கோ' எண்டனான். வந்து பாத்தா, பச்சைக் கயிறு கட்டின ஆறும் தொட்டிக்குள்ளை கிடந்தது. பாரம் ஏத்தினா, நாலு மில்லிமீற்றர் வளையவேண்டியது பதினாலு வளைஞ்சுது. ஆறும்!"

"நாலு எங்கை, பதினாலு எங்கை! கணக்குத்தான் பிழை," என்றார் அப்புத்துரை.

"நானும் அப்பிடித்தான் நினைச்சன், அங்கிள். ஆனா கயிற்றிலை கிடந்த முடிச்சு என்ரை இல்லை. போன மாதம் அவரை எல்லாருக்கும் முன்னாலை ஏசினனான். அந்தக் கோவத்திலை ஏதோ திருகுதாளம் பண்ணிப்போட்டார் எண்டு நேற்றுப் பகுதித் தலைவரிட்டைக் கடிதம் குடுத்திட்டன். இண்டைக்கு ரெண்டு மணிக்கு அவரை வேலையாலை நிப்பாட்டப்போகினம். இப்ப எனக்குப் பயமாக்கிடக்கு. பிழை அவரிலை இல்லாட்டி?"

"முடிச்சு மாறினதெண்டா அவர்தான்!" என்று அப்புத்துரை கட்சி மாறினார்.

"இஞ்சேருங்கோ, முதல்லை ஓட்டோவைக் கூப்பிடுங்கோ," என்றார் அமராவதி.

ஆய்வுகூடத்தில் அவர் ஊறிய துண்டொன்றை எடுத்து முகர்ந்தார். பிறகு, தட்டில் காய்ந்து கிடந்த, வெள்ளைக் கயிறு கட்டிய துண்டுகளை முகர்ந்தார்.

"உம்மட மருந்து என்ன மணக்கும், பிள்ளை?"

"வினாகிரி மாதிரி. ஏன் அன்ரி? எனக்கு இன்னும் மூக்கடைப்பு."

"மருந்து ஏத்தாத மரம் ஊறினா எவ்வளவு வளையும் எண்டு உம்மட கணக்குச் சொல்லுது?"

கிருசாந்தி மடிக்கணினியைத் திறந்தாள். மூன்று நாளாக அவள் அந்த நாலையே வெறித்துக்கொண்டிருந்தாள். அடுத்த வரியைப் பார்க்கவில்லை. "பதினாலு," என்றாள்.

"அப்ப உம்மட கணக்குப் பொய் சொல்லேல்லை. ஊறினது மருந்து ஏத்தாத மரம். வினாகிரி மணம் தட்டிலை கிடக்கிறதிலைதான் இருக்கு."

ஆண்டியப்பன் அழைத்துவரப்பட்டார். மலையகத்திலிருந்து வந்து ஓமந்தையில் குடியேறிய குடும்பம்; இருபது வருடம் மர ஆலையில் வேலை செய்தவர். பட்டறைச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போகத் தயாராகவே வந்திருந்தார்.

"அண்ணை, பிள்ளை போனிலை என்ன சொன்னவா?" என்று கேட்டார் அமராவதி.

"பச்சைக் கட்டையை ஊறப் போடச் சொன்னாங்க. போட்டேன்."

"எது பச்சைக் கட்டை?"

"மருந்து ஏத்தாததுதாங்க, மோந்தாலே தெரியும். பதப்படுத்தாத மரத்தை மில்லுல பச்சைன்னுதானே சொல்லுவோம்?"

"கயிறு?"

"மரம் மிதக்கும்ல, கல்லுக் கட்டணும். வெள்ளைக் கயிறு வெறும் நூலு, தண்ணியில இத்துப்போயிடும். அதான் மத்த கட்டுல இருந்த பச்சை நைலோன் கயித்தை எடுத்துக் கட்டினேன். நூலை அதுக்குச் சுத்தினேன். நிறத்துக்கு ஒரு கணக்கு இருக்குன்னு தெரியாதுங்க."

"அப்ப ஆர்தான் பிழை?" அப்புத்துரைக்கு ஒன்றுமே விளங்கவில்லை.

"ஒருத்தரும் வேணுமெண்டு செய்யேல்லை," என்றார் அமராவதி. "பிள்ளை சொன்னது பச்சைக் கயிறு கட்டின கட்டை. அண்ணைக்குக் கேட்டது பச்சை மரக்கட்டை. ரெண்டும் காதிலை ஒண்டுதான். பச்சைத்தண்ணி பச்சை நிறமே? பச்சையரிசி பச்சை நிறமே? கோவத்திலை செய்யிற ஆள் தன்ரை முடிச்சைப் போட்டு விட்டிட்டுப் போகமாட்டார்."

தன் கணக்குச் சரியென்ற சந்தோஷம் கிருசாந்திக்கு ஒரு நொடிகூட நிற்கவில்லை. அவளுக்கு வெட்கமாக இருந்தது. "அண்ணை, மன்னிச்சுக்கொள்ளுங்கோ. கடிதத்தை இப்பவே திருப்பி வாங்கிறன்."

"வாங்கிடுங்கம்மா. ஆனா அது நேத்தே எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு. இன்னைக்குக் காலையில கன்ரீன்ல என் மேசையில யாரும் உட்காரல. நீங்க என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா நான் சொல்லியிருப்பேனே."

மணி ஒன்றரை. கிருசாந்தி பகுதித் தலைவரின் அறையைத் தாண்டி நேரே கன்ரீனுக்குப் போனாள். அங்கே மேசைகள் நிறைந்திருந்தன.

"எல்லாரும் ஒருக்கால் கேளுங்கோ," என்றாள். கண்ணீரைத் துடைக்காமலே சொன்னாள்: "ஆண்டியப்பன் அண்ணையைப் பற்றி நான் எழுதினது பிழை. அவர் நான் சொன்னதைத்தான் செய்தவர். அவரிட்டைக் கேக்காமலே எழுதிப்போட்டன்."

சோறு பிசைந்துகொண்டிருந்த கைகள் நின்றன. வாசலில் நின்ற ஆண்டியப்பன் அதன் பிறகுதான் உள்ளே வந்து தனக்கொரு சாப்பாட்டுக் கோப்பையை எடுத்தார்.