வந்தவர் உட்காரும் நாற்காலி

மாடிப்படியில் கேட்கும் காலடியை வைத்தே ஆளைக் கண்டுபிடித்துவிடும் பூனை அது. சின்னவள் பாதிப் படி ஏறியதுமே, உள்ளே கத்திக்கொண்டிருந்தது சட்டென்று வாயை மூடிக்கொண்டது.

அது ஒன்றும் புதிதில்லை. அக்கா வளர்க்கும் கரிக்கட்டை என்கிற அந்தப் பூனைக்கு அவளை என்றைக்குமே ஆகாது. குழாயைச் சரிசெய்ய வந்தவர் மடியில்கூட ஏறித் தூங்கிய பூனை, அக்காவின் கூடப்பிறந்தவளைக் கண்டால் மட்டும் முதுகைத் தூக்கிக்கொண்டு சுவரோரமாகச் சுற்றிப் போகும். சின்னவளும் சளைத்தவள் இல்லை. அதை ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, சனியனே என்றுதான் கூப்பிடுவாள்.

தலையில் நரை எட்டிப் பார்க்கும் வயதிலும் வீட்டில் அவளுக்குப் பெயர் சின்னவள்தான். அச்சகத்தில் பக்கம் வடிவமைக்கிற வேலை. அக்கா, குழந்தைகள் புத்தகங்களுக்குப் படம் வரைகிறவள். அக்கா வரைந்த யானை முழுசாகத் தெரிய வேண்டுமென்று எழுத்துகளையெல்லாம் ஓரமாக ஒதுக்குவது தங்கையின் பிழைப்பு. புத்தகம் வந்தால் அட்டையில் அக்கா பெயர். சின்னவள் பெயர் எங்கேயும் இருக்காது. பள்ளிக்கூடத்தில் படம் வரைவதில் கெட்டிக்காரி என்று பெயரெடுத்தவள் சின்னவள்தான் என்பது இப்போது அவள் ஒருத்திக்கு மட்டும்தான் நினைவிருக்கிறது.

அக்கா பெட்டியோடு தயாராக இருந்தாள். வெளியூரில் ஓவியர்கள் கூடித் தங்கி வரைகிற முகாம், ஒரு மாதம். அதுவரை வீட்டையும் செடிகளையும் பூனையையும் பார்த்துக்கொள்ளச் சின்னவள் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்திருந்தாள்.

கொஞ்ச நாளாகவே தனக்குப் படம் வருவதில்லை என்று அக்கா சொன்னாள். உட்கார்ந்தால் கை விறைத்துப் போகிறது, வரைந்ததைப் பார்த்தால் தனக்கே பிடிக்கவில்லை. அங்கே போயும் வரவில்லையென்றால் தூரிகையைக் கட்டி வைத்துவிட்டு வேறு வேலை தேட வேண்டியதுதான். சொல்லும்போது விரல்களை ஒவ்வொன்றாக நெட்டி முறித்தாள். மனசு சரியில்லையென்றால் சின்ன வயதிலிருந்தே அவளுக்கு அந்தப் பழக்கம்.

"ஐயோ, என்னக்கா இது" என்றாள் சின்னவள். வாய்தான் அப்படிச் சொன்னது. உள்ளே வயிறு குளிர்ந்தது.

பிறகு அக்கா வேலைகளைச் சொல்லிக் கொடுத்தாள். வேலை மேசைக்குப் பக்கத்தில் நீளமான அலமாரி, அதன்மேல் வரிசையாகச் செடிகள். ஒவ்வொரு தொட்டியின் விளிம்பிலும் வெள்ளைப் பொட்டு வைத்திருந்தாள். தினமும் தொட்டியைக் கொஞ்சம் திருப்பி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் செடி வெளிச்சம் வருகிற பக்கமாகவே சாய்ந்து கோணலாகிவிடும். எதிரே ஜன்னல். ஜன்னலுக்கு அடியில் பிரம்பு நாற்காலி, வந்தவர் உட்கார்வதற்கு. சின்னவள் எப்போது வந்தாலும் அதில்தான் உட்கார்ந்து, அக்கா வரைவதைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

வாசல்வரை போன அக்கா திரும்பி வந்தாள்.

"ஒண்ணு கேக்கறேன், செய்வியா? தினமும் கொஞ்ச நேரம் அந்தப் பிரம்பு நாற்காலில உக்காரு."

"எதுக்கு?"

"எனக்காக. உக்காரு, போதும்."

அக்கா போனபிறகு சின்னவள் அறையை ஒரு சுற்றுப் பார்த்தாள். அவள் அச்சகத்தில் காலையிலிருந்து மாலைவரை முகர்கிற மையும் புதுக் காகிதமும் கலந்த வாசனை லேசாக அடித்தது. தன் துணியிலிருந்துதான் வருகிறது என்று நினைத்துக்கொண்டாள். அன்று காலை குளித்து, துவைத்த துணி உடுத்தி நேரே இங்கே வந்தோம் என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை.

பிரம்பு நாற்காலியைப் பார்க்கப் பார்க்க அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. செடிக்குத் தண்ணீர் ஊற்ற நான், பூனைக்கு மீன் வேகவைக்க நான், அதன் பீயை அள்ளிக் கொட்ட நான். உட்கார மட்டும் விருந்தாளி நாற்காலியா? அக்காவின் வேலை நாற்காலியை இழுத்துப் போட்டு அதில் சட்டமாக உட்கார்ந்தாள். அன்றைக்கு மட்டுமில்லை, தினமும் அதில்தான். பிரம்பு நாற்காலியின் பக்கம் அவள் போகவே இல்லை.

நாலைந்து நாள் நன்றாகத்தான் போயிற்று. அக்காவின் சால்வையைப் போர்த்திக்கொண்டாள், அக்காவின் கோப்பையில் தேநீர் குடித்தாள். எழுந்து போகவே மனம் வரவில்லை. இந்த வெளிச்சம், இந்த மேசை, இவ்வளவு பச்சை, எல்லாம் எனக்கு வாய்த்திருந்தால் நானும்தான் வரைந்திருப்பேன் என்று வயிறெரிந்தாள்.

செடிகள்தான் உறுத்தின.

தினமும் திருப்பித்தான் வைத்தாள். மறுநாள் காலையில் பார்த்தால் எல்லாச் செடிகளும் ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, இருட்டான சுவர்ப் பக்கம் சாய்ந்திருக்கும். வெளிச்சத்துக்காக உயிரை விடுகிற செடி, வெளிச்சத்தைப் பார்த்து ஒதுங்குமா? கொடியை நிமிர்த்திக் குச்சியில் கட்டிப் பார்த்தாள். விடிந்தால் கட்டிய குச்சியையும் இழுத்துக்கொண்டு சுவரில் அப்பியிருந்தது.

அந்த ஜன்னலுக்கு அடியில் அந்த நாற்காலி.

பூனையும் அந்த நாற்காலியின் பக்கம் போகாது. அறையைக் கடக்க வேண்டுமென்றால் முதுகைத் தூக்கிக்கொண்டு சுவரோரமாகச் சுற்றிப் போகும். இந்த நடையை எங்கோ பார்த்திருக்கிறோமே என்று சின்னவளுக்குத் தோன்றியது. ஒருநாள் அது அறை நடுவில் நின்று அவளைப் பார்த்தது. பிறகு பிரம்பு நாற்காலியைப் பார்த்தது. மறுபடியும் அவளைப் பார்த்தது. கடையில் இரண்டு துணியைக் கையில் வைத்துக்கொண்டு நிறம் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பார்களே, அந்த மாதிரி.

மதியம் மழை வரும்போல இருண்டிருந்த ஒரு நாளில் அவள் அக்காவின் காகிதத்தை எடுத்து வரைய உட்கார்ந்தாள். ஜன்னல் கம்பி, தொட்டிகள், பூனையின் வால். கை பழகியிராவிட்டாலும் கோடு பதவிசாக வந்தது. வால் வளைகிற இடம் நன்றாக அமைந்ததும் அவளுக்கே சந்தோஷமாக இருந்தது.

"ச்சு."

தலை நிமிர்ந்தாள். பல்லி என்று நினைத்துச் சுவரைத் தேடினாள். இந்தப் பூனை இருக்கிற வீட்டில் பல்லி எங்கே தலைகாட்டும்?

மறுபடியும் பென்சிலை வைத்தாள்.

"ச்சு."

ஜன்னல் பக்கமிருந்து வந்தது. யாரோ உச்சுக் கொட்டுகிற சத்தம். மை வாசனை மூக்கில் ஏறியது. அவள் விரல்கள் விறைத்துப்போயின. நன்றாக வந்திருந்த வால், பார்த்துக்கொண்டிருக்கும்போதே அசட்டுத்தனமாகத் தெரிய ஆரம்பித்தது. இதையெல்லாம் படமென்று யாரிடமாவது காட்ட முடியுமா? காகிதத்தைக் கசக்கிப் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போய் நின்றுகொண்டாள். கை சரியாக வெகுநேரம் ஆயிற்று.

அதற்குப் பிறகு அவள் வரைய உட்கார்ந்தபோதெல்லாம் அந்தச் சத்தம் வந்தது. நன்றாக இல்லாத கோட்டுக்கு வராது. நன்றாக வருகிற கோட்டுக்குத்தான் வரும்.

ஒருநாள் சாயங்காலம் அக்காவிடமிருந்து தொலைபேசி. குரலிலேயே சிரிப்பு இருந்தது. முகாமுக்குப் போன அன்றைக்கே கை ஓட ஆரம்பித்துவிட்டதாம். அருகில் இருக்கிறவர்கள் எல்லாம் வந்து வந்து பார்க்கிறார்களாம். ஒரு முழுப் புத்தகத்துக்கு வரைந்து முடித்துவிட்டாளாம், இதுவரை வரைந்ததிலேயே இதுதான் நன்றாக இருக்கிறதாம்.

சின்னவள் தொலைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டாள். நாக்கு அண்ணத்தில் ஒட்டி, தானாகப் பிரிந்தது.

"ச்சு."

அவள் வாயிலிருந்து வந்த சத்தம்தான்.

ஜன்னலுக்கு அடியிலிருந்து பதில் வந்தது.

"ச்சு."

அதே நீளம். அதே ஈரம். அதே சலிப்பு. சின்னவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அக்கா வரையும்போது அந்த நாற்காலியில் உட்கார்ந்து, நல்ல கோடு ஒன்று விழும்போதெல்லாம் தான் எழுப்புகிற சத்தம் இது. தனக்கே தெரியாமல், இத்தனை வருஷமாக.

தொலைபேசியில் அக்கா பேசுவதை நிறுத்தியிருந்தாள். அவளுக்கும் இரண்டும் கேட்டிருக்க வேண்டும்.

"நீ அதுல உக்காரவே இல்லையா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"இல்ல."

"நீ வந்துட்டுப் போவே. ஆனா அது போகாது. அங்கேயே உக்காந்திருக்கும்."

"எது?"

"நீதான்."

கோபமாகச் சொல்லியிருந்தால் சின்னவள் சண்டைக்காவது போயிருப்பாள். அக்கா அழுதுகொண்டே சொன்னாள். சொன்னால் தங்கை மனசு உடைந்துவிடும் என்று இத்தனை நாள் சொல்லவில்லையாம். நீயே வந்து உட்கார்ந்தால் அது உன்னோடு சேர்ந்துவிடும், கிளம்பும்போது உன்னோடு கிளம்பிவிடும் என்று நினைத்தாளாம். அது இருக்கிறவரை தன்னால் அந்த வீட்டில் ஒரு கோடு போட முடியாதாம்.

தொலைபேசியை வைத்துவிட்டுச் சின்னவள் நின்றுகொண்டே இருந்தாள். விளக்கு போடவில்லை. ஜன்னலில் வெளிச்சம் வடிந்துகொண்டிருந்தது. பிரம்பு மட்டும் லேசாகக் கிரீச்சிட்டது, உட்கார்ந்திருக்கிறவர் கால் மாற்றிப் போட்டதுபோல.

போனாள்.

கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தாள்.

நாற்காலி சூடாக இருந்தது.

யாருடைய மடியிலோ உட்கார்ந்துவிட்டதாக ஒரு கணம் உடம்பு கூசியது. பிறகு அந்தச் சூடு முதுகு வழியாக, தோள் வழியாக, கொஞ்சம் கொஞ்சமாக அவளுக்குள் இறங்கியது. அக்காவுக்குக் கிடைத்த முதல் பாராட்டு, அட்டையில் வந்த முதல் பெயர், அம்மா ஊரெல்லாம் காட்டிய முதல் புத்தகம், ஒவ்வொன்றுக்கும் தான் சிரித்த சிரிப்பு, ஒவ்வொரு சிரிப்புக்கும் அடியில் இருந்த கசப்பு, எல்லாம் திரும்ப வந்தன. வாய்விட்டு அழுதாள். "எனக்குப் பொறாமைக்கா, அவ்வளவுதான், எனக்குப் பொறாமை" என்று யாருமில்லாத அறையில் சொன்னாள். சொன்னபிறகு மூச்சு லேசாக வந்தது.

கண் திறந்தபோது மடியில் கனமாக ஏதோ இருந்தது. அலறப் போனவள் அடக்கிக்கொண்டாள். கரிக்கட்டை சுருண்டு படுத்திருந்தது.

அதற்குப் பிறகு வந்த நாட்களைப்போல நல்ல நாட்கள் அவள் வாழ்க்கையில் வந்ததில்லை. செடிகள் மெல்ல நிமிர்ந்து ஜன்னலைப் பார்த்துத் திரும்பின. மை வாசனை போயிற்று. அவள் பூனையைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். மேசை முன்னால் உட்கார்ந்து வரைந்தாள், யாரும் உச்சுக் கொட்டவில்லை. பிரம்பு நாற்காலியில் பூனை தூங்க, ஜன்னல் வெளிச்சம் அதன் முதுகில் விழுகிற படம். முடித்துவிட்டுப் பார்த்தபோது அது தான் வரைந்ததுதானா என்று அவளுக்கே சந்தேகம் வந்தது.

அக்கா திரும்பி வந்ததும் செடிகளைப் பார்த்தாள், தங்கையைக் கட்டிக்கொண்டாள். கொண்டுவந்த படங்களைக் கட்டிலில் பரப்பினாள். உண்மையிலேயே நன்றாக இருந்தன. சின்னவள் மனசாரச் சொன்னாள். நாக்கு அசையவில்லை.

அப்போதுதான் அக்கா மேசையிலிருந்த படத்தைப் பார்த்தாள்.

எடுத்து ஜன்னல் பக்கம் கொண்டுபோய் வைத்துப் பார்த்தாள். திரும்பக் கொண்டுவந்து பார்த்தாள்.

"நீயா வரைஞ்சே?"

"ஆமாக்கா."

"நல்லா இருக்கு" என்றாள் அக்கா. படத்தைக் கீழே வைத்துவிட்டு, விரல்களை ஒவ்வொன்றாக நெட்டி முறித்தாள்.

கிளம்பும்போது கொடியில் ஒரு துண்டைக் கிள்ளி, தண்ணீர் ஊற்றிய பாட்டிலில் போட்டுக் கொடுத்தாள். சின்னவள் அதைத் தன் வீட்டில் ஜன்னலோரம் வைத்தாள். படத்தைச் சுவரில் மாட்டினாள். அச்சகத்தில் அதன் நகலைப் பார்த்த பதிப்பாளர் அடுத்த புத்தகத்தை அவளையே வரையச் சொல்லிவிட்டார். வழக்கமாக அக்காவுக்குப் போகிற புத்தகம் அது. அக்கா ஒருநாள் பார்க்க வந்தாள். ஜன்னலுக்குக் கீழே முக்காலியில் உட்கார்ந்து தேநீர் குடித்தாள், சந்தோஷம் என்றாள், தங்கை வரைவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் போனாள்.

மறுநாள் சாயங்காலம் சின்னவள் வேலையிலிருந்து வந்து விளக்கைப் போட்டாள். பாட்டிலில் இருந்த கொடி ஜன்னலை விட்டுவிட்டு, முக்காலியிலிருந்து விலகிப் பக்கச் சுவரோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

அவள் திரும்பி முக்காலியைப் பார்த்தாள்.

மேசை முன்னால் வந்து உட்கார்ந்தாள். காகிதத்தை எடுத்து ஒரு கோடு போட்டாள். நல்ல கோடு.

முதுகுக்குப் பின்னால், ஆளில்லாத முக்காலியில், ஒரு விரல் 'மடக்' என்று நெட்டி முறிந்தது.

பயந்தாள். அது உண்மை. அதற்கு அடியிலேயே, வாழ்க்கையில் ஒருநாளும் அனுபவித்திராத ஒரு சந்தோஷம் மெதுவாகத் தலைதூக்கியது. அக்காவுக்குப் பொறாமை, என்மேல்.

நாளைக்குத் தொலைபேசியில் கூப்பிட்டுச் சொல்லலாம். வந்து இந்த முக்காலியில் கொஞ்ச நேரம் உட்காரு என்று அவளும் கேட்கலாம்.

சின்னவள் கைபேசியை எடுத்து, சத்தம் வராதபடி அணைத்து, மேசை இழுப்பறையில் வைத்து மூடினாள். பென்சிலைக் கூராக்கிக்கொண்டு, இன்னும் கொஞ்சம் நன்றாக வரைய ஆரம்பித்தாள்.

பின்னால் அடுத்த விரல் முறிந்தது.