இடது பின் இருக்கையில் முப்பத்தொரு பவுண்டு

காரோடு வந்த கோப்பில் வீல் அலைன்மென்ட் செய்த தாள்கள் ஐந்து இருந்தன. ஐந்திலும் இடது பின் இருக்கைக்கு நேராக, ஒரே கையெழுத்தில், முப்பத்தொரு பவுண்டு என்று எழுதியிருந்தது. முதல் தாளுக்கும் கடைசித் தாளுக்கும் நடுவில் ஆறு வருடம்.

வெண்டல் கோவாக் சமையலறை மேடையில் திட்டம் எழுதிக்கொண்டிருந்தவன் பேனாவைக் கீழே வைத்தான். ஒன்பது வயதான எட்டு சிலிண்டர் செடான் அது. பனிக்கு முன் என்ஜின் ஆயில், கியர் ஆயில், ரேடியேட்டர் குழாய்கள் என்று ஒரு பக்கம். வசந்தத்தில் முன்சக்கரத்துக்குப் பெரிய பிரேக், இறுக்கமான ஸ்பிரிங் என்று இன்னொரு பக்கம். கடைசி வரியில், மனைவி ஜொலீன் நல்ல மூடில் இருக்கும் நாள் பார்த்து, கொஞ்சம் உறுமுகிற சைலன்சர். ஆனை வாங்கினவன் அங்குசத்துக்கு அழலாமா?

வேகமான கார் வைத்திருக்கும் பைத்தியங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. சக்கரத்தை நேர் செய்யும்போது, ஓட்டுகிறவன் எடைக்கு மணல் மூட்டைகளை அவன் இருக்கையில் அடுக்குவார்கள். கூட எப்போதும் யாராவது வருவார்கள் என்றால் அவர்கள் எடைக்கும் தனியாக ஒரு மூட்டை. அப்போதுதான் கார் ரோட்டில் நிற்கிற மாதிரியே நிற்கும். முப்பத்தொரு பவுண்டு என்றால் சுமார் பதினாலு கிலோ, மூன்று, மூன்றரை வயதுக் குழந்தை. சரி. ஆனால் ஆறு வருடத்தில் ஒரு பவுண்டு கூட ஏறாத குழந்தை எது?

"என்ன, மூஞ்சியில ஈயாடல? அதுக்குள்ள ரிப்பேரா?" என்றாள் ஜொலீன், பாத்திரம் துடைத்துக்கொண்டே.

"ஒண்ணுமில்ல. கணக்கு ஒண்ணு இடிக்குது."

"இடிக்கட்டும். எனக்கு நாலு கதவு இருக்கு, ஹேட்டி பின்னாடி பத்திரமா உட்காரணும், அவ்வளவுதான். வியாழக்கிழமை அக்கா வீட்டு விருந்துக்கு இதுலதான் போறோம். என் வேனை வித்துத்தானே இந்த மகாராஜாவை வாங்கியிருக்கே?"

ஹேட்டிக்கு மூன்று வயது. அவளுடைய இருக்கை இடது பின்பக்கம்தான் என்று ஜொலீன் முன்பே முடிவு கட்டிவிட்டாள். முன்னால் வலது பக்கம், ஓட்டுகிறவனுக்குப் பக்கத்து சீட்டில், அவள் உட்கார்ந்து திரும்பினால் குழந்தை முகம் தெரிகிற இடம் அது.

வெண்டல் தாள்களை மறுபடி புரட்டினான். விற்ற மனிதர் எல்வின் ஸ்ட்ராட், ஊருக்கு வெளியே தனிவீட்டில் இருந்த கிழவர், தனக்கு மனைவி மக்கள் யாரும் இல்லை என்று தானாகவே சொல்லியிருந்தார். சாவியைக் கொடுக்கும்போது ஒன்றே ஒன்று சொன்னார்: "பின்னாடி இடது பெல்ட்டை மட்டும் எப்பவும் பூட்டியே வைங்க தம்பி." அவர் முடிப்பதற்குள் வெண்டல் தலையாட்டிவிட்டான். காலி சீட்டின் பெல்ட் தொங்கினால் கொக்கி பிளாஸ்டிக்கில் தட்டி கடகடவென்று சத்தம் போடும். காது கூர்மையான கார்க்காரன் எவனும் அதைப் பூட்டித்தான் வைப்பான். வெண்டலே பழைய காரில் அப்படித்தான் வைத்திருந்தான். நம் ஆள் என்று நினைத்துக்கொண்டான். காரணம் கேட்கவில்லை. அங்கேதான் கோட்டை விட்டான்.

இந்தக் கார் அடிபட்டது. ஒரு குழந்தை இதில் செத்திருக்கிறது. கிழவர் மறைத்துவிட்டார் என்று தோன்றியது அவனுக்கு. அன்று சாயங்காலமே பெயின்ட் கனம் அளக்கும் கருவியோடு காரைச் சுற்றி வந்தான். எல்லாப் பக்கமும் ஒரே கனம், எங்கும் மறுபெயின்ட் அடிக்கவில்லை. கண்ணாடிகளில் ஒரே வருட முத்திரை. ஒரு போல்ட்டில் கூட ஸ்பானர் பட்ட தழும்பு இல்லை. நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. கராஜில் பெட்ரோல் வாசனைக்கும் ஈர சிமென்ட் வாசனைக்கும் அடியில், தூங்கி எழுந்த குழந்தையின் உச்சந்தலை வாசனை லேசாக வந்துகொண்டிருந்தது. ஹேட்டியின் வாசனை இல்லை அது. ஹேட்டி இன்னும் இந்தக் காரில் ஏறவே இல்லை.

கிழவருக்குப் போன் செய்தான்.

"சார், அலைன்மென்ட் தாள்ல பின்னாடி ஒரு எடை போட்டிருக்கீங்களே, அது யாரு?"

கிழவர் திருப்பிக் கேட்டார்.

"பெல்ட் பூட்டியிருக்கா தம்பி?"

"இருக்கு சார். நான் கேட்டது..."

"உங்க வீட்டுல சின்னப் பிள்ளைங்க உண்டா?"

"ஒரு பொண்ணு."

"அன்னிக்கு நீங்க சொல்லலையே," என்றார் கிழவர். "சொல்லியிருந்தா வித்திருக்க மாட்டேன்." போன் வைக்கப்பட்டது. மறுபடி அடித்தான். எடுக்கவில்லை.

சனிக்கிழமை மதியம் லோனி வந்தான். வெண்டலோடு வேலை பார்ப்பவன். ஞாயிறுதோறும் காலி மைதானத்தில் கூம்புகளுக்கு நடுவே கார் விரட்டுகிறவன். நான்கு சக்கரத்துக்கும் நான்கு எடைத்தட்டு, எண்கள் காட்டும் பெட்டி, மணல் மூட்டைகள், மூட்டையை நிறுக்க வீட்டு எடைமெஷின் ஒன்று எல்லாம் அவன் வண்டியில் வந்து இறங்கின. ஹேட்டி காலுறையோடு ஓடி வந்து எடைமெஷின் மேல் ஏறி நின்றாள்.

"இருபத்தொன்பது பவுண்டு," என்றான் லோனி. "உங்கப்பன் தொப்பையில பாதி கூட இல்லை நீ."

ஹேட்டி சிரித்துக்கொண்டே சமையலறைப் பக்கம் ஓடினாள். கிழவர் போனை வைத்த கதையை வெண்டல் சொன்னான்.

"மடியில கனம் இருக்கறவன்தான்டா வழியில பயப்படுவான்," என்றான் லோனி. "ஏதோ மறைக்கிறான். வண்டியை ஏத்து, எடை பொய் சொல்லாது."

காரை எடைத்தட்டுகள் மேல் ஏற்றினார்கள். வெளியே மேகம் மூடி, மூன்று மணிக்கே விளக்கு போட வேண்டியிருந்தது. கூரையடி ஹீட்டர் உம்மென்று இரைந்தது, என்ஜின் ஆறும்போது இரும்பு டிக், டிக் என்று சுருங்குகிற சத்தம் கீழேயிருந்து வந்தது. லோனி கையேட்டில் இருந்த காலி வண்டியின் எடையையும், டேங்கில் இருக்கும் பெட்ரோலையும் கூட்டிப் பார்த்தான். பெட்டியைப் பார்த்தான். மறுபடி கூட்டினான்.

"முப்பத்தொண்ணு அதிகமா இருக்கு. அதுல பெரும்பங்கு இடது பின் சக்கரத்துல."

டிக்கியைக் காலி செய்தார்கள். ஸ்டெப்னியை எடுத்து வெளியே உருட்டினார்கள், ஜாக்கியையும் எடுத்தார்கள். எடுத்த ஒவ்வொன்றையும் கையேட்டோடு கழித்துப் பார்த்தபோதும் முப்பத்தொன்று அப்படியே நின்றது. சீட்டுக்கு அடியில் விளக்கு அடித்தார்கள். ஒரு சில்லறைக் காசு கூட இல்லை.

"வெண்டல்," என்றான் லோனி. குரல் இறங்கியிருந்தது. "பெட்டியில அந்த அதிகப்படி எண்ணைப் பாரு."

முப்பத்தொன்று. முப்பது. முப்பத்தொன்று. முப்பத்திரண்டு. முப்பத்தொன்று.

"காலி வண்டி எண் ஆடாது. உள்ள ஆள் உட்கார்ந்து நெளிஞ்சாதான் இப்படி ஆடும்."

"தட்டு பழசா இருக்கும்."

"போன வாரம் வாங்கினது."

வெண்டலுக்குக் கோபம்தான் வந்தது. பயந்தவனுக்கு வருகிற கோபம். பெல்ட்டையும் பார்த்துவிடலாம். அடிபட்ட காரின் பெல்ட் தையலில் இழுபட்ட தடம் இருக்கும், அதைக் கண்டால் வியாழக்கிழமைக்கு வாடகைக் கார் எடுத்துக்கொள்ளலாம். தன் மகளை அவன் இதில் ஏற்ற மாட்டான். இடது பின் கதவைத் திறந்தான். அந்த வாசனை முகத்தில் வெதுவெதுப்பாக வந்து மோதியது.

பெல்ட் பூட்டியிருந்தது. ஆனால் சீட்டில் படிந்து கிடக்கவில்லை. மடிமேல் வரும் பட்டை, சீட்டிலிருந்து ஒரு சாண் தூரத்தில், முன்னால் வளைந்து விறைப்பாக நின்றது. நடுவில் ஒன்றும் இல்லை. வெறும் காற்று.

அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது மெல்லத் தளர்ந்தது. மெல்ல இறுகியது.

"வேணாம்டா," என்றான் லோனி.

ஆனால் வெண்டலின் கட்டைவிரல் ஏற்கெனவே சிவப்புப் பொத்தான் மேல் இருந்தது. தூங்கும் குழந்தையை எத்தனை நூறு தடவை இப்படி அவிழ்த்திருக்கிறான். கைப்பழக்கம்.

கிளிக்.

பெல்ட் சரசரவென்று உள்ளே ஓடியது. அவன் முழங்காலை ஏதோ உரசிக்கொண்டு போனது. குனிந்து பார்த்தான். தரைதான்.

பின்னால் லோனி பெருமூச்சு விட்டான். "போயிடுச்சுடா. அப்பாடா. எண் சரியாயிடுச்சு பாரு. காலி வண்டி எடை, அட்சரம் பிசகல."

வெண்டலும் சிரிக்கப் பார்த்தான். அதற்குள் இன்னொரு சிரிப்பு கேட்டது.

ஹேட்டி. எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. சுவரோரம், எடைமெஷின் அருகே, யாரோ கிச்சுக்கிச்சு மூட்டுவது போல் தோளைக் குறுக்கிக்கொண்டு சிரித்தாள். சட்டென்று நிறுத்தினாள். பிறகு மெஷின் மேல் ஏறினாள். ஒரு காலை வைத்தாள். மூச்சு வாங்கிக்கொண்டு, பாரம் தூக்குகிறவள் போல, மறுகாலை வைத்தாள்.

எண் ஓடியது. நின்றது.

அறுபது.

லோனி பின்வாங்கினான். ஸ்பானர் ஒன்று அவன் காலில் பட்டு உருண்டது. யாரும் அதை எடுக்கவில்லை.

"அப்பா," என்றாள் ஹேட்டி. குரல் அவளுடையதுதான். "தூக்குப்பா. கனமா இருக்கு."

அழுகை வரும் முகம். நீட்டிய கைகள். என்ன செய்வான், பெற்றவன் தானே. ஓடிப்போய் அள்ளினான். முதுகு மடங்கியது. பல்லைக் கடித்துக்கொண்டு நிமிர்ந்தான்.

ஹேட்டியின் கைகள் அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டன. அவள் கால்கள், காலுறை நழுவி, தளர்ந்து கீழே தொங்கின. அவன் அந்த இரண்டு கால்களையும் பார்த்தான். நன்றாகப் பார்த்தான்.

அவன் இடுப்பைச் சுற்றி, வேறு இரண்டு கால்கள் இறுகப் பின்னிக்கொண்டன.