நாற்பது நாள் முந்திய உதை

மே மாதம் மூன்றாம் தேதி காலை பதினொன்றரை மணிக்குச் சோதனைக்கூடத்தின் பின்சுவர் ஓர் உதை வாங்கியது. கூடத்துக்குள் யாரும் இல்லை. உந்துபொறி உறை போட்டு மூடிக் கிடந்தது. ஆனாலும் நான்கு மீட்டர் தடிமனுள்ள கான்கிரீட் சுவர் மெல்ல முனகி, அதிர்ந்து, அடங்கியது.

கட்டுப்பாட்டு அறையில் கருவிப் பொறுப்பாளர் ஜெபராஜ் திரையிலிருந்து தலை தூக்காமல் சொன்னார்: "இருபத்திரண்டு நொடி மேடம். கால்வாசி விசை."

ஆவுடைச்செல்வி நாட்காட்டியில் ஜூன் பன்னிரண்டைத் தேடிக் குறித்தாள். நாற்பது நாள் கழித்து, அதே நேரத்தில், இருபத்திரண்டு நொடிச் சோதனை. ஏன் என்று யாரும் கேட்கவில்லை. அந்த வழக்கம் போய் இரண்டு வருடமாகியிருந்தது.

வெற்றுந்தி புகையோ நெருப்போ கக்காமல் முன்னால் தள்ளும் பொறி. எதிர்வினை இல்லாமல் வினை ஏது என்று பள்ளிக்கூடத்தில் படித்த எல்லோரும் அதைக் கேலி செய்தார்கள். எதிர்வினை இருந்தது, அது முன்னாலேயே வந்து போயிருந்தது. இதை முதலில் கண்டவள் சுவரைக் கட்டிய பொறியாளர் செல்விதான். ராதாபுரத்துக்குக் கிழக்கே செம்மணல் தேரிக்காட்டில் கூடம் எழுந்த வருடம், பொறி வந்து சேரும் முன்பே சுவர் அதிரத் தொடங்கியது. தேரி மணல் இறங்குகிறது, அஸ்திவாரம் சரியில்லை என்று அவளிடம் விளக்கம் கேட்டு மெமோ வந்தது. ஒரு மாதம் மணலைத் துளைத்துப் பார்த்தாள். பாறைவரை இறக்கியிருந்த தூண்கள் மயிரிழைகூட அசையவில்லை. பிறகு பொறி வந்தது, சோதனைகள் நடந்தன. ஒரு மதியம் சுவரின் பதிவையும் பொறியின் பதிவையும் அருகருகே வைத்துப் பார்த்தாள். ஒவ்வொரு சோதனைக்கும் உரிய பின்னுதை, அதே விசையோடும் அதே நீளத்தோடும், சரியாக நாற்பது நாளுக்கு முன்பே சுவரில் விழுந்திருந்தது.

அதற்கு முன்னெதிர்வு என்று பெயர் வைத்தார்கள். ஒருமுறை மீறியும் பார்த்தார்கள். சுவர் ஒன்பது நொடி உதை வாங்கியிருந்த நாளுக்குரிய நாற்பதாம் நாளில், இயக்குநர் நல்லசிவம் மின்சாரத்தைத் துண்டித்து எல்லோரையும் வெளியே அனுப்பினார். மின்தேக்கிகளில் மிச்சமிருந்ததை வடிக்க ஒரே ஓர் ஊழியர் உள்ளே போனார். வடிய வேண்டியது பொறிக்குப் பாய்ந்தது. பொறி ஒன்பது நொடி ஓடியது. அவருடைய வலது உள்ளங்கை கருகிப்போனது. அதன் பிறகு எவரும் சுவரை எதிர்க்கவில்லை. எதைச் சோதிக்கலாம் என்று விவாதிக்கும் திங்கட்கிழமைக் கூட்டமும் நின்றுபோனது. சுவர் சொல்லும், இவர்கள் செய்வார்கள்.

மே மூன்றுக்குப் பிறகு சுவர் பேசவில்லை.

அது பேசியாக வேண்டிய காலம் அது. செவ்வாயின் நிலவு ஒன்றில் மூன்று பேர் திரும்ப வழியில்லாமல் இருந்தார்கள். அவர்களை அழைத்து வரவேண்டிய மீட்புக்கலம் ஏவுதளத்தில் தயாராக நின்றது. அதில் பொருத்தவேண்டிய பெரிய வெற்றுந்தி, முழு விசையில் பத்து நிமிடம் இந்தக் கூடத்தில் ஓடிக் காட்ட வேண்டும். ஜூலை முப்பதுக்குள் கலம் கிளம்பாவிட்டால் இரண்டு கோள்களும் விலகிப் போய்விடும். அடுத்த வாய்ப்பு இரண்டு வருடம் கழித்துத்தான். அவர்களிடம் இருந்த உணவு நவம்பர் வரைதான் வரும்.

மூவரில் ஒருத்தி ரோஸ்லின். கூடம் கட்டும்போது செல்வியோடு இரண்டு வருடம் வேலை பார்த்தவள், கன்னியாகுமரிக்காரி. வாரம் ஒருமுறை அவள் குரல் வரும்.

"செல்வி, சுவரு ஏதும் சொல்லிச்சா? இங்க மூணு பேரும் காலைல எந்திச்சதும் அதத்தான் கேக்கோம்."

செல்வி ஒவ்வொரு வாரமும் இல்லை என்றே பதில் அனுப்பினாள்.

ஜூன் பிறந்தபோது கூடத்தில் எல்லோரும் தாழ்ந்த குரலில் பேசினார்கள். ஜூன் பன்னிரண்டுக்குப் பிறகு சோதனையே கிடையாது என்றால், அதன் பிறகு கூடமே இருக்காது என்றுதானே அர்த்தம்? வெடிக்கும் என்றார்கள் சிலர். மணல் விழுங்கிவிடும் என்றார்கள் சிலர். சுற்றியிருந்த மூன்று ஊர்களையும் பேருந்தில் ஏற்றி வள்ளியூருக்கு அனுப்பினார்கள். பன்னிரண்டாம் தேதி இருபத்திரண்டு நொடிச் சோதனை முடிந்ததும் பொறியைக் கழற்றினார்கள், மின்சாரத்தை நிறுத்தினார்கள், சாலையில் போலீஸ் காவல் போட்டுவிட்டுப் போனார்கள்.

ஒன்றும் நடக்கவில்லை.

பதினேழு நாள் வள்ளியூர் விடுதியில் சும்மா இருந்துவிட்டு, செல்வி இயக்குநரின் அறைக்குப் போனாள்.

"சார், நாம மூடினதாலதான் சோதனை இல்ல. சோதனை இல்லாததாலதான் சுவர்ல உதை இல்ல. வேற எதுவும் இல்ல சார்."

நல்லசிவம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எனக்கும் அது தோணாம இல்ல."

"அப்ப திறப்போம்."

"எந்தத் தேதிக்கு? சுவர் ஒண்ணும் சொல்லலையே."

"பன்னெண்டாம் தேதிக்கு அப்புறம் கரண்டே இல்ல சார். சுவர் என்ன வாங்கிச்சுன்னு நமக்கே தெரியாது. அதனால ஜூலை இருபத்திரண்டுக்கு மேல எதுவும் முடிவாகல. முப்பதுக்குள்ள எட்டு நாள் இருக்கு. தேதிய நாமளே வைக்கலாம்."

அவருக்குக் கோபமில்லை, பயந்திருந்தார். "தெரியாத தேதியில முப்பது பேரை உள்ள அனுப்பச் சொல்றீங்களா? கருகின அந்தக் கையை நான் தினமும் பாக்கறேன் செல்வி. ஒரு பதிவு கொண்டாங்க. ஒரே ஒரு பதிவு. நாளைக்கே திறக்கறேன்."

சுவரின் கீழ்மூலையில் மின்கலத்தில் ஓடும் சிறு பதிவுக்கருவி ஒன்று உண்டு. மறுநாள் காலை அவளும் ஜெபராஜும் அனுமதி வாங்கி உள்ளே போனார்கள். கைவிளக்கு வெளிச்சத்தில் கூடம் முன்னைவிடப் பெரிதாகத் தெரிந்தது. வெளியே வெயில் கொளுத்திய நேரத்தில் சுவர் குளிர்ந்திருந்தது. ஜெபராஜ் குனிந்து கருவியைத் திறந்தார்.

"பேட்டரி ரெண்டாம் நாளே செத்துட்டு மேடம். ஒண்ணுமே இல்ல."

ஜெபராஜ் செல்வியின் முகத்தைப் பார்த்தார். இருபது வருடம் கருவிகளோடு இருந்தவர், ஓர் எண்ணைக்கூட மாற்றி எழுதியிராதவர்.

"எழுதணும்னா எழுதலாம்," என்றார் மெதுவாக. "என்னைத் தவிர இதத் திறக்க ஆளில்ல."

"பொய்யின்னா, முப்பது பேரு உயிரு அண்ணே."

"அங்க மூணு பேரு இருக்காங்களே."

அவள் சுவரைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு, "ஜூன் பதினஞ்சு," என்றாள். "காலைல பத்து நாப்பது. முழு விசை, அறுநூறு நொடி."

ஜெபராஜ் எழுதினார்.

அந்தத் தாளைக் கண்டதும் நல்லசிவத்தின் முகம் தெளிந்தது. சந்தேகமாக ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. கூடம் திறந்தது. வள்ளியூரில் துவண்டு கிடந்தவர்கள் ஓடிவந்து, முடியாது என்றிருந்த வேலையை மூன்று வாரத்தில் முடித்தார்கள். பெரிய பொறியைத் தாங்குமேடையில் ஏற்றி இறுக்கினார்கள். தேநீர் வேளையில் சிரிப்புச் சத்தம் திரும்பக் கேட்டது. நடக்கும் என்று சுவரே சொல்லிவிட்டதே! செல்வி மட்டும் சாப்பிடவில்லை. பின்னுதை வந்திருக்காவிட்டால் பொறி என்ன செய்யும் என்று உலகில் யாருக்கும் தெரியாது. ஓடாமல் நிற்கலாம். நாற்பது நாள் முன்னால் போக வழியில்லாமல் அந்த விசை முழுவதும் அந்த நொடியிலேயே கூடத்துக்குள் வெடிக்கலாம். இரண்டு முறை இயக்குநரின் அறை வாசல்வரை போய், ரோஸ்லினின் குரலை நினைத்துத் திரும்பி வந்தாள்.

ஜூலை இருபத்தைந்து, பத்து நாற்பது. பொத்தானை அழுத்தியவன் ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. தாங்குமேடையின் விசைமுள் ஏறி, உச்சியில் நின்றது. பத்து நிமிடமும் அசையாமல் நின்றது. அறுநூறாவது நொடியில் பொறி அணைந்தபோது எல்லோரும் அமைதியாகக் கைதட்டினார்கள், எதிர்பார்த்தது நடந்ததற்காகத் தட்டுவதைப்போல. செல்வி கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

இருபத்தொன்பதாம் தேதி மீட்புக்கலம் கிளம்பியது. ரோஸ்லினிடமிருந்து செய்தி வந்தது: "உன் சுவருக்கு ஒரு மாலை போடு பிள்ள."

மறுநாள் மதியம், சாலைக் காவலில் இருந்த தலைமைக் காவலர் சங்கரபாண்டியன் ஒரு நோட்டோடு வந்தார்.

"எங்க பாரா டூட்டிய எடுத்தாச்சு மேடம். இதுல உங்க ஆபீஸ்ல ஒரு கையெழுத்து வேணும்."

செல்வி புரட்டினாள். பால்வண்டி வந்தது, ஆடு புகுந்தது, காற்று அடித்தது என்று நாள்தோறும் மணிவாரியாக எழுதியிருந்தார். மூன்றாம் பக்கத்தில் அவள் விரல் நின்றது.

'15.6. காலை 10.40. பூட்டிய கட்டடத்துக்குள் இரைச்சல். தரை நடுக்கம். பத்து நிமிடம். ஆட்கள் யாரும் இல்லை.'

"இத ஏன் யாருட்டயும் சொல்லல?"

"ஸ்டேஷன்ல சொன்னேனே மேடம். அந்தச் சுவரு நடுங்குறது வழக்கந்தான், எழுதி வையும்னாங்க."

ஜெபராஜ் அவள் தோளுக்கு மேலாக எட்டிப் படித்தார். பக்கத்திலிருந்த நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். பிறகு கேட்டார்: "அன்னைக்கு உள்ள நிக்கும்போது... இந்த நேரத்த எங்கயிருந்து எடுத்தீங்க மேடம்?"

செல்வி யோசித்தாள். கைவிளக்கு நினைவிருந்தது. குளிர்ந்த சுவர் நினைவிருந்தது. ஒன்பதரை, பதினொன்று என்று வேறு எதையாவது நினைத்துத் தள்ளினாளா என்று தேடினாள். அப்படி எதுவும் இல்லை. வாயைத் திறந்தபோது அந்த எண்தான் ஏற்கெனவே அங்கே இருந்தது.

அவள் கையெழுத்துப் போட்டாள்.

"கீழ நேரமும் போட்டிருங்க மேடம்," என்றார் காவலர்.

செல்வி கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். பேனாவைத் தாளில் வைத்தாள். எழுதாமல் அப்படியே நின்றுகொண்டிருந்தாள்.